பனி ஏன் சரிகிறது?

வேலூர் லாங் பஜாரில் ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது. அதில் பதித்துள்ள கல்லொன்று, 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் தெரிவிக்கிறது. காய்கறி வாங்கவும் துணி வாங்கவும் அவ்வழியே செல்வோர் அதை நிமிர்ந்து பார்ப்பது அரிது. ஆயினும் அக்கல் கூறும் செய்தி பழங்கதையாகிவிடவில்லை. பழைய வட ஆர்க்காட்டுச் சீமையில் ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊர் சிலவே. கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை மக்கள் ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேனையில் சேர்ந்த குடும்பங்கள் அங்கே அத்தனை உண்டு.

அவ்வாறு செல்லும் பிள்ளைகளுள் பலர் பனிமலைக்குப் போகிறார்கள். நமக்கோ வெயிலைப்பற்றித் தெரிந்த அளவு பனியைப்பற்றித் தெரியாது. மகன் காஷ்மீரத்தில் இருக்கிறான், லடாக்கில் இருக்கிறான் என்று பெருமையோடு கூறும் தாய்க்கு, அங்கே அவன் எதிர்கொள்ளும் பகை இன்னதென்று எடுத்துச் சொல்வார் இல்லை. எதிரியின் துப்பாக்கியை அவள் நினைத்துக்கொள்கிறாள். தலைக்கு மேலே மலைச்சரிவில் படிந்திருக்கும் பனியை அவள் நினைப்பதில்லை.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் அதிகாலையில், சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல் நிலையின்மீது பெரும் பனிச்சரிவு விழுந்தது. அங்கே காவல் புரிந்த பத்துப் பேரும் புதையுண்டனர். மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தின் நிலை அது. பத்துப் பேருள் நால்வர் தமிழ்நாட்டவர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒவ்வொருவர். வேலூர் மாவட்டத்துக்குரியவர் ஹவில்தார் ஏழுமலை.

அப்போது நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று அமைதியாக அஞ்சலி செலுத்தினர். கூட்டம் கலைந்தபின் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “ஐயா, பனி பஞ்சுபோல மென்மையாக இருக்கும் என்று பாடத்தில் படித்தோமே. அது எப்படி ஆளைக் கொல்லும்?” என்று கேட்டான். நான் உடனே விடை கூறினேன். மலையுச்சியில் ஒரு சிறு பனி உருண்டை உருளத் தொடங்கும். உருள உருளப் பெரிதாகும். அடிவாரத்தை அடையும்போது ஒரு வீடளவு பெருத்துவிடும் என்றேன். கேலிச்சித்திரங்களில் அப்படித்தான் பார்த்திருந்தேன். பையன் தலையசைத்துவிட்டுச் சென்றான்.

நான் கூறிய விடை தவறு. அவ்வாண்டு கோடை விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. அவர் லடாக்கில் பணி புரிந்தவர். என் விடையைக் கேட்டுச் சிரிக்காமல், பொறுமையாக விளக்கினார். அதன்பின் நானும் தேடிப் படித்தேன். அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் ‘பனி’ என்ற ஒரு சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. மார்கழியில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான். ஏலகிரியிலும் சவ்வாது மலையிலும் விடியற்காலத்தில் மூடும் மூடுபனியும் பனிதான். உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனியும் பனிதான். இவை எவையும் வானத்திலிருந்து படிகங்களாகப் பெய்து, அடிக்கணக்கில் தரையில் குவிபவை அல்ல. இமயத்தில் பெய்வது வெண்பனி. அது மழையைப்போல ஓடிப்போவதில்லை. பெய்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. மேற்கே மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் குளிர்காலப் புயல்கள் டிசம்பர் முதல் மார்ச்சு வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒவ்வொன்றும் ஓர் அடுக்குப் பனியை மலைமேல் போர்த்திச் செல்கின்றன. இந்த அடுக்குகளே நம் பொருளின் திறவுகோல்.

என் மாணவரின் தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சிறுவயதில் தந்தைக்குச் சோறு கொண்டுபோகும்போது மாணவர் அங்கே பச்சைத் தோல் அடுக்குகளைப் பார்த்திருக்கிறார். அதையே உவமையாகக் கூறினார்: “ஐயா, பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தூவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள் அல்லவா? அந்த அடுக்கைச் சமதரையில் வைத்தால் ஒன்றும் ஆகாது. சாய்ந்த பலகைமேல் வைத்தால்? தோலும் தோலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரையில் நிற்கும். நடுவே ஓரிடத்தில் காய்ந்த கல்லுப்பு மணிமணியாக நின்றால், அதற்கு மேலே உள்ள தோல் அத்தனையும் ஒரே பாளமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பனிச்சரிவும் அதுதான்.”

இந்த உவமையில் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. புதிதாய்ப் பெய்த வெண்பனி ஆறு கோணப் படிகங்களால் ஆனது. பெய்த பிறகு அப்படிகங்களின் முனைகள் தேய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நாளடைவில் அவ்வடுக்கு உறுதிப்படும். இஃது இயல்பான மாறுதல். ஆனால் எல்லா இடத்திலும் அவ்வாறு நிகழ்வதில்லை. அடியிலுள்ள நிலம் சற்று வெப்பமாகவும், மேலேயுள்ள காற்று கடுங்குளிராகவும், இடையே உள்ள பனி மெல்லியதாகவும் இருந்தால், கீழிருந்து நீராவி பனியின் ஊடே மேல்நோக்கிச் செல்லும். அந்த நீராவி படிந்து, உருண்டையான சிறுமணிகள் கூரிய விளிம்புடைய பெருமணிகளாக மாறிவிடும். கையில் அள்ளினால் அவை கல்லுப்பைப்போல, சீனியைப்போல உதிரும். பிடித்தால் உருண்டை ஆகாது. மலையேறுவோர் இதைச் ‘சீனிப்பனி’ என்கிறார்கள். காரகோரம், லடாக் போன்ற கடுங்குளிரும் குறைந்த பனிப்பொழிவும் உள்ள பகுதிகளில் இத்தகைய அடுக்கு எளிதில் உண்டாகிறது. இன்னொரு வகையும் உண்டு. மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பில் இறகுபோன்ற உறைபனி முளைக்கும். பார்வைக்கு அழகாயிருக்கும் அதன்மேல் மறுநாள் புதுப்பனி பெய்து மூடிவிட்டால், அது புதைந்து கிடந்து பல நாள் கழித்துத் தன் வேலையைக் காட்டும்.

அடுக்கு மட்டும் போதாது, சாய்வும் வேண்டும். நம் வீட்டு மாடிப்படிகளின் சாய்வு ஏறக்குறைய 30 பாகை இருக்கும். பாளமாய்ச் சரியும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளிலேயே தொடங்குகின்றன. அதற்கு மிகவும் குறைந்தால் வழுக்க விசை போதாது. 60 பாகைக்கு மேற்பட்ட செங்குத்தில் பனி பெய்யப் பெய்ய உதிர்ந்துவிடுவதால் பெருமளவு சேர்வதில்லை. ஆகவே ஏறுவதற்கும் சறுக்கி விளையாடுவதற்கும் எந்தச் சரிவு மனிதனுக்கு இன்பமாய்த் தோன்றுகிறதோ, அதுவே பனிக்கும் உகந்த சரிவாக இருக்கிறது. இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். நாம் நிற்கும் இடம் சமதரையாக இருந்தால் மட்டும் போதாது. நமக்கு மேலே சரிவு இருந்தால், அங்கே புறப்படுவது இங்கே வந்து சேரும்.

மூன்றாவது காரணம் சுமை. ஒரே இரவில் ஓரடிக்கு மேல் புதுப்பனி பெய்தால் அடியிலுள்ள மெல்லிய அடுக்கு தாங்குவது கடினம். காற்று அதைவிடக் கொடியது. காற்று வீசும் பக்கத்துப் பனியை வாரிச்சென்று முகட்டுக்கு அப்பாலுள்ள மறைவான சரிவில் குவிக்கிறது. வானம் தெளிந்திருக்கும்போதுகூட, ஒரு சொட்டுப் பனியும் பெய்யாமலே, காற்று ஒரு சரிவின் சுமையைப் பலமடங்காக்கிவிடும். மழை பெய்தாலும், வெயில் திடீரென ஏறினாலும் பனி நனைந்து பிடிப்பை இழக்கும். இவற்றால்தான் பனிப்புயலுக்குப் பின் வரும் முதல் இரண்டு நாட்களை மலையேறுவோர் பெரிதும் அஞ்சுகிறார்கள். புயல் ஓய்ந்து, நீலவானம் விரிந்து, சூரியன் ஒளிவீசும் அழகான காலை அபாயம் நீங்கிய காலை அன்று.

கடைசியாக வேண்டுவது ஒரு தூண்டுதல். மலையில் உரக்கக் கூவினால் பனி சரியும் என்று கதைகளில் எழுதுகிறார்கள். மனிதக் குரலின் அதிர்வு அதற்குப் போதாது. ஆனால் மனிதனின் எடை போதும். மலையேற்றத்திலும் பனிச்சறுக்கிலும் உயிர்ச்சேதம் விளைத்த பனிச்சரிவுகளை ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பதைப் போல, புதையுண்டவரோ அவருடைய துணைவரோ மிதித்ததால் கிளம்பியவையே என்று கண்டிருக்கிறார்கள். தோல் அடுக்கின்மேல் ஒருவன் ஏறி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்படிப் பாளமாகப் பெயர்வது ஒருவகை. ஒரு புள்ளியில் தொடங்கி, குவித்த மணல் சரிவதுபோல் விரிந்து இறங்கும் உதிரிப்பனிச் சரிவு இரண்டாவது வகை. பனியாற்றின் விளிம்பிலோ செங்குத்துப் பாறையிலோ தொங்கிநிற்கும் பனிக்கட்டிச் சுவர் இடிந்து வீழ்வது மூன்றாவது வகை. முதல் இரண்டையும் பெரிதளவு முன்னுணரலாம். மூன்றாவது எப்போது விழும் என்று கூறுவது அரிது. பனிக்கட்டி இரவும் பகலும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் அதன் தாங்குவலி தீர்ந்துவிடுகிறது. சோனம் நிலையின்மேல் விழுந்தது இந்த மூன்றாவது வகை. ஆகவே அங்கே காவல் நின்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கவில்லை என்று எண்ணுவது பிழை.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். மென்மையான பனி எப்படிக் கொல்லும்? புதிதாய்ப் பெய்த பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோகிராம் வரைதான் இருக்கும். அது சரியத் தொடங்கி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் உருண்டு, இடித்து, நொறுங்கிக் கீழே வந்து நிற்கும்போது அதன் எடை கனமீட்டருக்கு 400 கிலோகிராமையும் கடந்துவிடுகிறது. நின்ற அக்கணமே மணிகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்து, கொத்தனார் பூசிய சாந்து காய்ந்ததுபோல் ஆகிவிடும். புதையுண்டவன் விரலைக்கூட அசைக்க இயலாது. அவன் விடும் மூச்சின் ஈரம் முகத்தின் முன்னே உறைந்து, பனிக்கட்டி முகமூடியாகி, புதுக்காற்று வருவதைத் தடுக்கும். புதைந்தவர்களுள் பெரும்பாலோர் இறப்பது குளிரால் அன்று. மூச்சு முட்டியே இறக்கிறார்கள்.

எனவே எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை நாற்பது ஆண்டுகளில் நேர்ந்த விபத்துக்களை ஆராய்ந்து 2024-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முழுவதும் புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பத்துப் பேரில் ஒன்பதின்மருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்றும், அரைமணி கழிந்துவிட்டால் பத்தில் மூவரே பிழைக்கிறார்கள் என்றும் அது காட்டுகிறது. அடிவாரத்திலிருந்து மீட்புப் படை வந்து சேர அரைமணி போதுமா? போதாது. ஆகவே உயிர் காப்பவன் பக்கத்தில் இருக்கும் துணைவன்தான்.

இதற்காகப் பனிமலைக்குச் செல்வோர் ஒவ்வொருவரும் மூன்று கருவிகளைச் சுமக்க வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கும் விதி. முதலாவது மார்போடு கட்டிக்கொள்ளும் ஒரு சிறு கருவி. வானொலி நேயர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒவ்வொருவரும் தம்முடன் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையத்தை எடுத்துச் செல்கிறார்கள் எனலாம். அது 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் சைகை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைக் கேட்கும் நிலைக்கு மாற்றி, சைகை வலுக்கும் திசையில் சென்று இடத்தை அறிவார்கள். இரண்டாவது, மடக்கிப் பிரிக்கக்கூடிய எட்டு அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள கம்பி. குத்திப் பார்த்து ஆழத்தை அறிவதற்கு. மூன்றாவது, தோண்டுவதற்கு உலோக மண்வாரி. இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் பயன்படா. மூன்றும் இருந்தும் பழக்கம் இல்லாவிட்டால் அதுவும் வீணே.

ஆனால் புதைந்தபின் தோண்டுவதைவிடப் புதையாமல் இருப்பது மேல். அதற்கு வழி, பனியைப் படிக்கக் கற்பது. தேர்ந்த மலையேறி ஒரு சரிவில் கால் வைக்குமுன் பாதுகாப்பான ஓரிடத்தில் குழி தோண்டுவார். குழியின் சுவரில் குளிர்காலம் முழுவதும் பெய்த அடுக்குகள் மரத்தின் வளையங்கள்போல் தெரியும். பின்னர் ஓரடி அகலமுள்ள பனித்தூணை வெட்டியெடுத்து, அதன்மேல் மண்வாரியின் தட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையை அசைத்துப் பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு தட்டுவார். மணிக்கட்டுத் தட்டிலேயே தூண் ஓர் அடுக்கில் வழுக்கினால், வந்த வழியே திரும்பிவிடுவார். இயற்கை தானே தரும் எச்சரிக்கைகளும் உண்டு. பக்கத்துச் சரிவில் புதிதாய்ப் பனி சரிந்திருப்பது ஒன்று. காலடியில் பனி ‘உம்’ என்று அமுங்கிய ஓசையோடு உட்காருவது மற்றொன்று. அடியிலுள்ள மெல்லிய அடுக்கு நொறுங்கும் ஒலி அது. மிதித்த இடத்திலிருந்து விரிசல் பாம்புபோல் ஓடுவது மூன்றாவது. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மேலே போகலாகாது.

கடந்தே தீரவேண்டிய சரிவாக இருந்தால், ஒருவர்பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒருவரே கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பலர் சேர்ந்து போனால் சுமையும் கூடும். விபத்து நேர்ந்தால் காப்பாற்றவும் ஆள் இராது. வசந்த காலத்தில் விடியுமுன் ஏறத் தொடங்கி, வெயில் பனியை நனைப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். பனியில் அகப்பட்டவர் கூவித் துணைவருக்கு உணர்த்தி, நீந்துவதுபோல் மேற்பரப்பில் இருக்க முயன்று, வேகம் தணியும்போது கைகளை முகத்தின் முன்னே வைத்துச் சிறிது காற்றிடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இத்துறையில் அரிய பணி நடைபெற்று வந்திருக்கிறது. 1969-இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்று ராணுவ ஆராய்ச்சித் துறையின் நிலையம் ஒன்று அமைந்தது. 2020-இல் அது வேறொரு ஆய்வகத்தோடு இணைந்து, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அமைப்பாயிற்று. குளிர்காலத்தில் இமயப் பகுதிகளுக்கு அபாய அறிவிப்பு வெளியிடுவது இவ்வமைப்பின் பணிகளுள் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அறிவித்து வருகின்றன. அங்கே கண்ட ஓர் உண்மை சிந்திக்கத்தக்கது. மிகுதியான உயிர்ச்சேதம் ஐந்தாம் படியில் நேர்வதில்லை. நடுவிலுள்ள மூன்றாம் படியில்தான் நேர்கிறது. ஐந்தாம் படி அன்று யாரும் புறப்படுவதில்லை. மூன்றாம் படி அன்று, ‘நடுத்தரம்தானே’ என்று எண்ணிப் புறப்படுகிறார்கள்.

‘இத்தனை ஆண்டுகளாக இங்கே ஒன்றும் நேரவில்லை’ என்பதும் அத்தகைய எண்ணமே. 2012 ஏப்ரல் 7-ஆம் நாள் சியாச்சினின் மறுபக்கத்தில் கயாரி என்னுமிடத்தில் இருந்த பாகிஸ்தான் ராணுவ முகாமைப் பனிச்சரிவு மூடியது. 129 வீரர்களும் 11 குடிமக்களும் ஆக 140 பேர் மாண்டனர். அம்முகாம் அங்கே நெடுங்காலமாக இருந்ததுதான். மலைக்கு நம் நினைவைக் காட்டிலும் நீண்ட கணக்கு உண்டு. எல்லைக்கோடு அதற்குத் தெரியாது என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அறிவும் அனுபவமும் நிரம்பியவர்களும் தப்ப இயலாத வேளை உண்டு. 2022 அக்டோபர் 4-ஆம் நாள் உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு, திரௌபதி கா டண்டா சிகரத்தை நோக்கிச் செல்கையில் பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரம் ஏறிய பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தோருள் ஒருவர். இதற்கு மாறான நிகழ்ச்சி 2025 பிப்ரவரி 28-இல் பத்ரிநாத்துக்கு அருகிலுள்ள மாணா என்ற ஊரில் நடந்தது. எல்லைச் சாலைப் பணியில் ஈடுபட்டிருந்த 54 தொழிலாளர் புதையுண்டனர். அவர்களுள் 46 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர், எண்மர் இறந்தனர். அவர்கள் தங்கியிருந்தவை இரும்புக் கண்டெய்னர்கள். அந்த வலிய கூடுகளுக்குள் மூச்சுவிடச் சிறிது காற்றிடம் இருந்தது பலரைக் காத்தது.

அந்தக் காற்றிடமே சோனத்திலும் ஒரு வியப்பை விளைத்தது. அங்கே 150-க்கும் மேற்பட்ட வீரர்கள் இரவு பகலாகத் தோண்டினார்கள். பகலிலே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை. இரவிலே 40 பாகையையும் தாண்டும். கடல்மட்டத்தில் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் பாதியளவே அங்கே உண்டு. பாறைபோல் இறுகிய பனிக்கட்டியை இயந்திரங்களால் அறுத்தார்கள். டாட், மிஷா என்ற இரு நாய்கள் மோப்பம் பிடித்தன. ஆறாம் நாள், பிப்ரவரி 8-ஆம் தேதி, ஏறக்குறைய 25 அடி ஆழத்தில், கர்நாடகத்துத் தார்வார் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். கூடாரத்துக்குள் அகப்பட்ட காற்று அவரை அத்தனை நாள் தாங்கியிருந்தது. டில்லி ராணுவ மருத்துவமனையில் மருத்துவர்கள் பெருமுயற்சி செய்தும், பிப்ரவரி 11-ஆம் நாள் அவர் காலமானார். மற்ற ஒன்பதின்மரின் உடல்களும் மீட்கப்பட்டு அவரவர் ஊர் வந்து சேர்ந்தன.

ஆறு நாள் தோண்டியும் ஒருவரையும் நிலையாகக் காக்க முடியவில்லையே, அம்முயற்சி வீண்தானே என்று சிலர் கேட்கக்கூடும். அதே கேள்வியை என் மாணவரிடம் நான் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஐயா, நாங்கள் மேலே போகும்போது, புதைந்தால் நம்மைத் தேடுவார்கள் என்று தெரிந்துதான் போகிறோம். அது தெரியாவிட்டால் யாரும் போகமாட்டோம்” என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று பனிமலைக்குச் செல்வோர் சிப்பாய்கள் மட்டும் அல்லர். நம் ஊர்க் கல்லூரிகளில் படித்து வெளியூரில் வேலைபார்க்கும் இளைஞர்கள் டிசம்பர், ஜனவரி விடுமுறையில் உத்தரகண்டத்துக் கேதார்கந்தா போன்ற சிகரங்களுக்கு நடைப்பயணம் செல்கிறார்கள். 2023-இல் தமிழ்நாட்டுப் பெண்மணி முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டையே ஏறினார். இவர்களைத் தடுக்க வேண்டுவதில்லை. மலையேறுதல் உடலுக்கும் உள்ளத்துக்கும் உரம் தரும் கலை. ஆனால் பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்கலாம். அந்தப் பகுதிக்குரிய அபாய அறிவிப்பைப் பார்த்தாயா? உன் வழிகாட்டி பனியைப் படிக்கத் தெரிந்தவரா? மூன்று கருவிகளும் உண்டா? வழிகாட்டி ‘இன்று வேண்டாம், திரும்புவோம்’ என்றால், செலவழித்த பணத்தை நினையாமல் திரும்புவாயா? இந்த நான்காவது கேள்வியே முதன்மையானது. சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால், தெரியாது என்று கூறிவிட்டு மறுநாள் படித்துவந்து சொல்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நான் அன்று அப்படிச் செய்யவில்லை. என்னிடம் கேட்ட பையன் பள்ளிப்படிப்பை முடித்துப் போய்விட்டான். அவனும் சேனையில் சேர்ந்திருக்கலாம். எந்தச் சரிவின் அடியில் இன்று நிற்கிறானோ, நான் அறியேன். அவன் எங்கிருந்தாலும் இந்த விடை அவனைச் சேருமாக. தம்பி, பனி தனித்தனியே மென்மையானதுதான். அடுக்கடுக்காகச் சேரும்போது அது மலையின் பாகமாகிவிடுகிறது. ஏறுமுன் அடுக்கைப் பார். மேலே உள்ள சரிவைப் பார். உன் துணைவனை ஒருபோதும் கண்ணிலிருந்து விடாதே.